மோர்மன் சபையிலேருந்து (அமெரிக்காவுல ஆரம்பிச்ச கிறிஸ்தவ சபை) முறையா தன் பேர நீக்கிட்டு விலகினவங்க அனுபவம் சொல்லுங்க

செந்தூல்காரன்:
கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க. காலேஜ் டைம்ல வெள்ளை சட்டை கருப்பு நேம் டேக் போட்ட ரெண்டு எல்டருங்க, அதாவது அந்த சபையோட மிஷனரி பசங்க, எல்ஆர்டி ரயில்ல பழக்கமாகி, இங்கிலீஷ் பேசிப் பழகலாமேன்னு வீட்டுக்கு வரவிட்டு, கடைசில ஞானஸ்நானம் வரைக்கும் போயிடுச்சு. நல்ல பசங்க, அத மறுக்க மாட்டேன். அம்மா ஆஸ்பத்திரில இருந்தப்ப சொந்தக்காரங்களுக்கு முன்னாடி சபை ஆளுங்கதான் சாப்பாடு தூக்கிட்டு வந்தாங்க, அதனாலயே விலகறது இவ்ளோ இழுத்துச்சு.

சம்பளத்துல பத்துல ஒரு பங்கு, தே தாரிக் (பால் டீ), கோப்பி கூடாது, இதெல்லாம்கூட சமாளிச்சேன், மாமாக் கடைல உக்காந்து மைலோ ஐஸ் குடிச்சே வருஷக்கணக்கா ஓட்டுனவன் நான். என்னைய ஆட்டுனது 2014ல சபையே தன்னோட வெப்சைட்ல போட்ட கட்டுரை. சபைய ஆரம்பிச்ச ஜோசப் ஸ்மித்துக்கு 30லேருந்து 40 மனைவிங்க இருந்திருக்கலாம்னு அடிக்குறிப்புல போட்டுருக்கு, அதுல ஒரு பொண்ணுக்கு 15 வயசாக இன்னும் சில மாசம் பாக்கியாம். எதிரி எழுதுனதுன்னா போடான்னு விட்டுடலாம், இது அவங்களே எழுதுனது! அப்புறம் ஆப்பிரிக்க வம்சாவளி ஆம்பளைங்களுக்கு 1978 வரைக்கும் ஆசாரியத்துவம் (சடங்கு நடத்தற பதவி) கிடையாதுங்கறது. நம்ம ஆளுங்களுக்கு அந்தத் தடை இல்லதான், ஆனா என் கலருக்கு அத படிக்கறப்ப ஒரு மாதிரியா இருந்துச்சு.

போறத நிறுத்திட்டா போதும்னு நெனைக்காதீங்க. எழுதிக் கேக்கற வரைக்கும் பேரு கணக்குலதான் இருக்கும். உலகம் பூரா 1 கோடியே 70 லட்சத்துக்கு மேல மெம்பருங்கன்னு சொல்றாங்களே, அதுல வாசப்படியே மிதிக்காதவங்களும் அடக்கம். வழி ரெண்டு. கையெழுத்துப் போட்ட லெட்டர லோக்கல் தலைவர்கிட்ட குடுக்கலாம், இமெயில் செல்லாது. இல்லன்னா நோட்டரி வெச்சு அமெரிக்காவுல சால்ட் லேக் சிட்டி ஹெட் ஆபீசுக்கே அனுப்பலாம். நேர்ல குடுக்க எனக்கு முகம் இல்ல, ரெண்டாவதுதான். மஸ்ஜித் ஜாமெக் பக்கம் மாடியேறி கமிஷனர் ஆஃப் ஓத்ஸ்கிட்ட (உள்ளூர் சத்தியப் பத்திரத்துக்கு சாட்சி போடறவரு) நீட்டுனா அந்த அங்கிள் கண்ணாடிய எறக்கிட்டு "வெளிநாட்டுக்கா தம்பி? இதுக்கு நோட்டரி பப்ளிக்தான் வேணும், என் முத்திரை சாப்பு அங்க எடுபடாது"ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு. அதனால நேரா நோட்டரி பண்ற லாயர்கிட்டயே போயிடுங்க. முழுப்பேரு, பொறந்த தேதி, அட்ரஸ், மெம்பர் நம்பர் இருந்தா அதுவும், இனி வீட்டுக்கு ஆள் அனுப்ப வேணாம்னு ஒரு வரி, அவ்ளோதான். காரணம் எழுதணும்னு கட்டாயமில்ல. நம்ம மலேசியால ஜேபிஎன்ல (தேசியப் பதிவு இலாகா) போய் எதுவும் மாத்தற வேலையும் இல்ல, ஐசி (அடையாள அட்டை) மேல மதம் அச்சடிக்கறது முஸ்லிம்களுக்கு மட்டும்தான்.

பினாங்கு அக்கா:
தம்பி, நான் கையிலதான் குடுத்தேன். எங்க லோக்கல் தலைவர், பிராஞ்ச் பிரெசிடெண்ட், ரெண்டு தடவ படிச்சுட்டு, யார் மேலயாவது கோவமாம்மான்னு மட்டும் கேட்டாரு. இல்லன்னேன், வாங்கி வெச்சுக்கிட்டாரு. இந்த வழியே அப்பல்லாம் கெடையாதாம், வெளிய போகணும்னா சபையே நீக்குனாத்தான் உண்டு. 1985ல அரிசோனால நார்மன் ஹான்காக்னு ஒருத்தர், நானே விலகிட்டேன் அப்புறம் எப்படி என்னைய நீக்குவீங்கன்னு 18 மில்லியன் டாலருக்கு கேஸ் போட்டாரு, அது கோர்ட்டுக்கு வெளிய செட்டில் ஆச்சு.

எனக்கு கஷ்டம் வீட்லதான். என் வீட்டுக்காரரு இன்னும் சபைக்குப் போறாரு. கல்யாணமாகி ரெண்டு பேரும் காசு சேத்து ஹாங்காங் டெம்பிள் போயி, செத்த பிறகும் புருஷன் பொண்டாட்டின்னு முத்திரிச்சுக்கிட்டு வந்தவங்க. விலகுனா ஞானஸ்நானத்தோட அதுவும் ரத்து. லெட்டர காட்டுனதும் "அப்ப மேல போனா நீ என்கூட இல்லயா"ன்னு கேட்டாரு பாரு, எனக்குப் பதில் வரல. மேல என்ன இருக்குன்னே தெரியாதவ என்னத்த சொல்ல? சண்டையெல்லாம் போடல. ஞாயித்துக்கிழமை அவரு சட்டைய நான்தான் தேச்சுக் குடுக்கறேன், அவரு கெளம்புனதும் கோப்பி கலக்கிக்கறேன்.

உனக்கு கன்ஃபர்மேஷன் லெட்டர் வந்துச்சா? எனக்கு இன்னும் காணோம்.

செந்தூல்காரன்:
வந்துச்சுக்கா, ஒரே ஒரு பக்கம், போஸ்ட்ல. வரலன்னா சும்மா இருக்காதீங்க, குடுத்தவர்கிட்டயே மேல அனுப்பிட்டாரான்னு கேளுங்க. மனசு மாறி திரும்பச் சேரணும்னா வழக்கமா ஒரு வருஷமாவது காத்திருந்து மறுபடி ஞானஸ்நானம் எடுக்கணும், அண்ணன்கிட்ட இதையும் சொல்லி வைங்க.