மணி அவன் கையில், ஒலி மாடியில்: சிறுகதையின் திகிலை கேமுக்குள் கொண்டுவருவது எப்படி?

கதவோரம் (கேள்வி)

வணக்கம். பகலில் கணக்கு மென்பொருள் எழுதிப் பிழைக்கிறேன். இரவில் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் தனியாக ஒரு திகில் கேம் செய்துகொண்டிருக்கிறேன். எட்டு மாதமாகிறது. கதை என்னுடையதுதான், சில வருடங்களுக்கு முன் எழுதிய பதினோரு பக்கச் சிறுகதை. படித்தவர்களில் இரண்டு பேர் அன்றிரவு விளக்கை அணைக்காமல் படுத்ததாகச் சொன்னார்கள். அந்தத் தைரியத்தில்தான் இறங்கினேன்.

கதை இதுதான். படுத்த படுக்கையாகிவிட்ட அப்பாவை மகன் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொள்கிறான். அப்பா மாடி அறையில், அவன் கீழே. தண்ணீர் வேண்டுமென்றால் தலைமாட்டிலிருக்கும் கைமணியை ஆட்டுவார். ஓர் இரவு மணியின் நாக்கு கழன்றுவிடுகிறது. சரிசெய்யலாமென்று கீழே எடுத்துவந்து, மேசை விளக்கடியில் கம்பியை முறுக்கிக்கொண்டிருக்கிறான். ஒரு கையில் மணி, மறு கையில் நாக்கு. அப்போது மாடியில் மணி ஒலிக்கிறது.

அவன் படியேறுகிறான். கதவில் கை வைக்கிறான். கதை அங்கேயே முடிந்துவிடும்.

கேமில் அங்கே முடிக்க மனம் வரவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று எல்லாரும் கேட்பார்களே என்று ஓர் உருவத்தை வைத்தேன். அதன் கையில் சிக்கினால் ஆட்டம் போயிற்று; மறுபடி மேசையிலிருந்து தொடங்க வேண்டும். தம்பியை உட்காரவைத்து ஆடச் சொன்னேன். முதல் தடவை மணி கேட்டதும் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டாம் தடவை படிகளை எண்ணிக்கொண்டே ஏறினான். நான்காம் தடவை மணி ஒலிப்பதற்கு முன்பே மாடிக்குப் போய்க் கதவருகே நின்றுகொண்டு, "சீக்கிரம் அடிப்பா" என்று திரையைப் பார்த்துச் சொன்னான்.

படத்தில் ஒரு காட்சி ஒரு முறைதான் வரும். கேமில் தோற்றவர் அதே காட்சியைப் பத்து முறை பார்க்கிறார். பதினோராவது முறை பயம் எங்கிருந்து வரும்? படங்களையும் கதைகளையும் கேமாக்கியவர்கள் இதை எப்படிச் சமாளித்தார்கள்? "இன்னும் பயங்கரமான உருவமாக வை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். செய்துபார்த்துவிட்டேன். தம்பி அதற்குச் செல்லப்பெயர் வைத்துவிட்டான்.

பழைய ஜாய்ஸ்டிக்

உங்கள் சிக்கலுக்கு வயது நாற்பதுக்கு மேல். 1983இல் 'ஹாலோவீன்' படத்தை அட்டாரி 2600 என்ற அந்தக் கால கேம் கருவிக்குக் கொண்டுவந்தார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணாக நாம் ஆட வேண்டும். கொலைகாரனிடம் மாட்டினால் தலை போய்விடும். தலையில்லாத உடம்பு கழுத்தில் சிவப்பு பீறிட ஓடும். கட்டம் கட்டமான அந்த உருவத்தைப் பார்த்தால் சிரிப்புதான் வரும். ஆனால் அவன் வரும்போது படத்தின் இசை கீச்சுக்குரலில் கிளம்பும் பாருங்கள், அது மட்டும் வயிற்றைப் பிசையும். உருவம் தோற்ற இடத்தில் ஒலி ஜெயித்தது. உங்கள் மணியை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். (அதே ஆண்டு அதே நிறுவனம் 'டெக்சஸ் செயின்சா மாசக்கர்' படத்தையும் கேமாக்கியது. அதில் நாம்தான் கொலைகாரன். ரம்பத்துக்கு எரிபொருள் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. ஒரு திகில் படத்தைப் பெட்ரோல் கணக்காக்கிய பெருமை அவர்களுக்கு உண்டு.)

முதன்முதலில் இதை யோசித்துச் செய்தவர்கள் என்று நான் சொல்வது காப்காம் என்ற ஜப்பானிய கேம் நிறுவனத்தை. 1989இல் 'ஸ்வீட் ஹோம்' என்ற ஜப்பானியப் படத்தை ஃபேமிகாம் கன்சோலுக்குக் கொண்டுவந்தார்கள். ஐந்து பேர் ஒரு மாளிகைக்குள் நுழைகிறார்கள். ஒருவரிடம் லைட்டர், ஒருவரிடம் கேமரா, ஒருவரிடம் தூசி உறிஞ்சும் இயந்திரம் என்று ஆளுக்கொரு பொருள். ஒருவர் இறந்தால் இறந்தவர்தான். மிச்சமிருப்பவர்களோடுதான் மேலே போக வேண்டும். எத்தனை பேர் தேறினார்கள் என்பதைப் பொறுத்து முடிவும் மாறும். தோல்விக்குப் பிறகு பழைய இடத்துக்கே திருப்பி அனுப்பாமல், தோல்வியைச் சுமந்துகொண்டு நடக்கவைத்தார்கள். 1996இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில்' என்ற திகில் கேம் இதன் வயிற்றில் பிறந்ததுதான். கதவு மெல்லத் திறக்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சிகூட இங்கிருந்து போனதே.

இனி, நீங்கள் கட்டாயம் ஆடிப் பார்க்க வேண்டியது 2014இல் வந்த 'ஏலியன்: ஐசோலேஷன்'. 1979இல் வந்த 'ஏலியன்' படத்தின் கதை நடந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, அந்தப் படத்தின் நாயகி ரிப்ளியின் மகள் அமாண்டா ஒரு விண்வெளி நிலையத்தில் மாட்டிக்கொள்கிறாள். ஒற்றை விலங்கு துரத்துகிறது. அதை இயக்க இரண்டு மூளைகளை எழுதியிருக்கிறார்கள். மேலே இருக்கும் மூளைக்கு ஆட்டக்காரர் இருக்குமிடம் எப்போதும் தெரியும். கீழே இருக்கும் மூளை, அதாவது விலங்கின் மூளை, தானாகப் பார்த்தும் கேட்டும்தான் கண்டுபிடிக்க வேண்டும். மேல்மூளை அவ்வப்போது "அந்தப் பக்கம் போய்ப் பார்" என்று ஜாடை மட்டும் காட்டும். ஆட்டக்காரர் போதுமான அளவு நடுங்கிவிட்டார் என்று கணக்கு சொன்னால் விலங்கைக் கூரைக்குழாய்க்குள் திருப்பி அழைத்துக்கொள்ளும். அதனால் ஒரே அறையில் பத்து முறை செத்தாலும் பத்தும் வேறு வேறு சாவு. உங்கள் தம்பி கதவருகே போய்க் காத்திருக்க அங்கே வழியே கிடையாது.

இன்னொரு நுட்பம். ஆட்டத்தைப் பதிவுசெய்யச் சுவரில் ஒரு கருவி இருக்கும். அட்டையைச் செருகினால் மூன்று விளக்குகள் ஒவ்வொன்றாக எரியும். மூன்றாவது எரிந்தால்தான் பதிவாகும். அந்தச் சில விநாடிகளில் முதுகுப்பக்கம் திறந்து கிடக்கும். இரண்டாவது விளக்கில் நான் செத்திருக்கிறேன், அதுவும் நாற்பது நிமிட உழைப்போடு. ஆட்டம் தேவைக்கு மேல் நீளம் என்பது என் குறை; கடைசிப் பகுதியில் பயம் அலுப்பாகிவிடுகிறது. ஆனால் அந்த மூன்று விளக்குகளுக்காக எதையும் மன்னிப்பேன்.

சத்தம்போடாதே

2024இல் வந்த 'எ கொயட் பிளேஸ்: தி ரோட் அஹெட்' ஆடியிருக்கிறீர்களா? ஒலி எழுப்பினால் சாவு என்ற 'எ கொயட் பிளேஸ்' படத்தின் விதியை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். விரும்பினால் நம் மைக்கையும் இணைத்துக்கொள்ளலாம்; நம் அறையில் எழும் ஓசை ஆட்டத்துக்குள் போய்விடும். கதாநாயகிக்கு ஆஸ்துமா வேறு. அவள் மூச்சைச் சமாளித்துக் கொண்டுபோய்க் கதவைத் தாண்டவைத்த நேரத்தில் நான் தும்மினேன். முடிந்தது. என் வாழ்நாளில் ஒரு தும்மலுக்காக இவ்வளவு வருந்தியதில்லை.

நாவல் வாசகி

கேம்களில் எனக்குப் பெரிய தேர்ச்சி இல்லை. கதைகள்தான் என் பக்கம். மேலே நண்பர் விலங்கின் மூளையைப் பற்றி அழகாகச் சொன்னார். உங்கள் கதையில் விலங்கு இல்லையே. உருவத்தை நீங்கள் பிறகுதான் சேர்த்தீர்கள். தம்பிக்கு அது வேடிக்கைப்பொருளானதில் எனக்கு வியப்பில்லை.

ஹார்லன் எலிசன் 1967இல் எழுதிய 'எனக்கு வாயில்லை, நான் அலற வேண்டும்' என்ற சிறுகதை 1995இல் கேமாயிற்று. அவரே உடனிருந்து எழுதினார். மனிதர்களை வதைக்கும் அந்தக் கணினிக்குக் குரலும் கொடுத்தார். கதையில் கணினி மனித குலத்தை அழித்துவிட்டு ஐந்து பேரை மட்டும் வைத்துச் சித்திரவதை செய்கிறது. சில பக்கங்களில் முடிந்துவிடும். அந்த ஐந்து பேரைத் துரத்தவிட்டு ஓர் ஓட்டப்பந்தயம் செய்திருக்கலாம். செய்யவில்லை. ஆளுக்கொரு பகுதி எழுதி, ஒவ்வொருவரும் வெளியே சொல்லாமல் வைத்திருந்த பழைய குற்றத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கதை சொல்லாமல் விட்ட இடத்தில் ஆட்டம் தொடங்கியது.

உங்கள் கதையில் சொல்லாமல் விட்டது எது? அன்றிரவுக்கு முன் அந்த மணி எத்தனை தடவை ஒலித்திருக்கும் என்பதுதான். படுத்திருப்பவருக்குப் பணிவிடை செய்தவர்களுக்குத் தெரியும். முதல் நாள் ஓடுவோம். இரண்டாம் வாரம் நடப்போம். அப்புறம் ஒரு நாள், கேட்டும் கேட்காததுபோல் கொஞ்சம் உட்கார்ந்திருப்போம். மகன் அப்படி உட்கார்ந்தான் என்று நீங்கள் கதையில் எழுதினால் நான் அவன்மேல் கோபப்படுவேன், அவ்வளவுதான். கேமில் உட்கார்ந்திருக்கப்போவது நான்.

ஆகவே முதல் ஒரு மணி நேரம் பேயே வேண்டாம். மணி அடிக்கட்டும், தண்ணீர் கொண்டுபோகட்டும். ஆட்டக்காரர் கீழே ஏதாவது சுவாரசியமான வேலையில் இருக்கும்போதாகப் பார்த்து மணியை அடியுங்கள். அவர் எப்போது எழுகிறார் என்பதைச் சத்தமில்லாமல் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

சந்தேகப்பிராணி

வாசகி சொன்னதில் ஒரே ஓர் எச்சரிக்கை: குறித்துவைப்பதாக இருந்தால் நேர்மையாகக் குறித்துவையுங்கள். 2002இல் 'தி திங்' என்ற கேம் வந்தது. 1982இல் ஜான் கார்பென்டர் எடுத்த படத்தின் தொடர்ச்சி. நம்மோடு வருபவர்களில் யார் மனிதர், யார் மனித வேடமிட்ட ஜந்து என்று தெரியாது. அவர்களுக்கும் நம்மேல் சந்தேகம். துப்பாக்கி கொடுத்தால் நம்புவார்கள். அவர்கள் கண்முன் நம் ரத்தத்தைச் சோதித்துக் காட்டினாலும் நம்புவார்கள். என்ன அருமையான ஏற்பாடு! ஆனால் சிலர் எந்த இடத்தில் மாற வேண்டும் என்பது முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருந்தது. ஒருவனைச் சோதிக்கிறேன், ரத்தம் சுத்தம். கொஞ்ச தூரம் போனதும் அவனே வெடித்து ஜந்துவாகிறான். அதன் பிறகு சோதனைக் கருவியை நான் தொடவே இல்லை. ஆட்டக்காரர் கையில் ஒரு விதியைக் கொடுத்துவிட்டு முதுகுக்குப் பின்னால் அதை மாற்றினால், அவருக்கு வருவது பயம் ஆகாது, எரிச்சல்.

மற்றபடி, சொந்தக் கதையை வைத்துக்கொண்டு கவலைப்படும் நீங்கள் பாக்கியசாலி. 2017இல் வந்த 'ஃப்ரைடே த 13த்' கேம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூலப் படத்தின் உரிமை யாருக்கு என்று அதன் எழுத்தாளரும் தயாரிப்பாளரும் நீதிமன்றத்தில் மோதிக்கொண்டதில், 2018இல் புதிய பகுதிகள் சேர்ப்பதை நிறுத்த வேண்டியதாயிற்று. 2023 முடிவில் விற்பனையும் நின்றது. அதில் வரும் கொலைகாரன் ஜேசனால் கொல்ல முடியாததை வழக்கறிஞர்கள் கொன்றார்கள்.

கதவோரம்

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். எல்லாருக்கும் நன்றி. உருவத்தை எடுத்துவிட்டேன். சாவையும் எடுத்துவிட்டேன்.

இப்போது முதல் ஒரு மணி நேரத்தில் மணி பதினான்கு தடவை அடிக்கிறது. கீழே ஒரு பழைய வானொலியைப் பழுதுபார்க்கும் வேலை கொடுத்திருக்கிறேன். அது உண்மையிலேயே ஈர்க்க வேண்டும் என்பதற்காக அதற்கே பத்து நாள் செலவழித்தேன். மணி ஒலித்ததிலிருந்து ஆட்டக்காரர் எழும்வரை எத்தனை விநாடி என்று எண்ணிக் கூட்டிக்கொண்டே போகிறேன். திரையில் எதுவும் காட்டுவதில்லை.

கடைசி இரவு, நாக்கு கழன்ற மணி கையில் இருக்க, மேலே ஒலிக்கிறது. படியேறிக் கதவில் கை வைத்தால் கதவு திறக்காது. அப்பாவைக் காக்கவைத்த மொத்த நேரமும் கழிந்த பிறகுதான் திறக்கும். கட்டாயம் எதுவும் இல்லை. எங்கு வேண்டுமானாலும் போய்வரலாம். சந்தேகப்பிராணி அவர்களே, விநாடி பிசகாத நேர்மை. ஒரு தவறு மட்டும் நடந்தது. அலுவலக நண்பர் ஒருவர் ஆட்டத்தை இடையில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். அந்த நேரத்தையும் என் நிரல் கூட்டிவிட்டது. கதவு 52 நிமிடம் திறக்கவில்லை. "நான் நல்ல பிள்ளையாகத்தானே ஓடினேன்" என்று மறுநாள் வருத்தமாகக் கேட்டார். திருத்திவிட்டேன்.

தம்பியை மறுபடி உட்காரவைத்தேன். முதல் மணிக்கு ஆறு விநாடியில் எழுந்தான். ஒன்பதாவது மணிக்கு வானொலியில் ஒரு கம்பியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான்; ஒன்றேகால் நிமிடம். "இருப்பா, வரேன்" என்று வாய்விட்டே சொன்னான். மொத்தக் கணக்கு ஏழு நிமிடம் நாற்பது விநாடி.

கடைசி இரவில் கதவருகே போய் நின்றான். திறந்து பார்த்தான், திறக்கவில்லை. கையிலிருந்த மணியை ஆட்டிப் பார்த்தான். நாக்கில்லாத மணி, ஒலிக்கவில்லை. உள்ளே கட்டில் கிறீச்சிடும் ஓசை மட்டும். இரண்டு நிமிடமானதும் ஹெட்போனை ஒரு காதிலிருந்து விலக்கி, "கேம் உறைந்துவிட்டதா?" என்றான். இல்லை என்றேன். "அப்புறம் ஏன் திறக்கவில்லை?" நான் பதில் சொல்லவில்லை. ஹெட்போனைத் திரும்ப மாட்டிக்கொண்டான்.

ஐந்தாவது நிமிடம் போல் திரும்பிப் படியிறங்கத் தொடங்கினான். அலுத்துவிட்டான், இதுவும் போயிற்று என்றுதான் நினைத்தேன். சமையலறைக்குப் போய்க் குவளையில் தண்ணீர் பிடித்தான். மேலே வந்து, அதைக் கையில் வைத்துக்கொண்டு, மறுபடி கதவின் முன் நின்றான்.