குட்டைத் தண்ணீர் பச்சையாகத் தேங்குகிறது, எதை முதலில் செய்வது?

சேலம் கன்னங்குறிச்சி, மூக்கனேரிப் பக்கம் எங்கள் குடியிருப்பு. உள்ளே ஒரு குட்டை: 40 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம். ஏரியோடு இணைப்பு ஒரே குழாய்தான். வந்த தண்ணீர் நகர்வதே இல்லை.

மார்ச்சிலிருந்து பாசி, சேற்று நாற்றம். விடியற்காலையில் ஜிலேபி மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கின்றன. இரவில் பாசியும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்கிறதே. நேற்று பதினொரு மீன் செத்து மிதந்தன, பார்க்கவே மனசு கேட்கவில்லை.

ஆகாயத்தாமரையை வாரினோம். படிகாரம் போட்டதில் நாலு நாள் தெளிந்து மறுபடி பச்சை. அப்புறம் நீரூற்று மோட்டார் வைத்தோம். மணிக்கு 10,000 லிட்டர்தான் தள்ளுகிறது. குட்டையில் சுமார் 7.2 லட்சம் லிட்டர், ஒரு சுற்றுக்கே மூன்று நாள்.

அடியில் முக்கால் அடி சேறு. முதலில் அதை அள்ளுவதா, அடியிலிருந்து காற்றுக் குமிழி விடும் கருவி போடுவதா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.