முடிச்சு போட்ட குயில்ட்: சலவையில் முடிச்சு அவிழுது, பஞ்சு திரளுது

கேள்வி:
60 × 90 அங்குல குயில்ட். மேலும் கீழும் பருத்தித் துணி, நடுவில் பாலியஸ்டர் பஞ்சு ஷீட். தையல் ஓட்டவில்லை, மூன்று அடுக்கையும் சேர்த்து எட்டு அங்குலத்துக்கு ஒரு முடிச்சு, பளபளப்பான ரேயான் எம்பிராய்டரி நூலில். இரண்டாவது சலவையிலேயே பாதி முடிச்சு அவிழ்ந்து, பஞ்சு ஒரு மூலையில் திரண்டுவிட்டது. முடிச்சில் பசை வைத்தால் நிற்குமா?

பதில் 1:
பசை வேண்டாங்க, காய்ந்ததும் உறுத்தும். கோளாறு நூலில்தான். ரேயானும் பட்டும் வழுக்கும். பருத்தி எம்பிராய்டரி நூலை ஆறு இழையும் பிரிக்காமல் எடுங்க. ஒரே இடத்தில் இரண்டு முறை குத்தி எடுத்து, வலது நுனியை இடதின்மேல் போட்டு இறுக்கி, அடுத்து இடதை வலதின்மேல் போடணும். இரண்டு தடவையும் வலதையே மேலே போட்டால் பார்க்க முடிச்சு மாதிரிதான் இருக்கும், இழுத்தால் நழுவும். முதல் முடிச்சில் நூலை இன்னொரு சுற்று சுற்றினால் இரண்டாவது போடுவதற்குள் தளராது. நுனியை 2 செ.மீ.க்குக் குறையாமல் விடுங்க. ஒட்ட நறுக்கியதும் அவிழ ஒரு காரணம்.

பதில் 2:
எட்டு அங்குலம் ரொம்ப அகலம். பஞ்சு பாக்கெட்டில் அதிகபட்ச இடைவெளி போட்டிருந்தால் அதுதான் கணக்கு. இல்லையென்றால் நான்கு அங்குலம். ஷீட்டின் ஓரத்தை மெதுவாக இழுத்துப் பாருங்க. இழை இழையாகப் பிய்ந்து வந்தால் அது பிணைக்காத பஞ்சு, முடிச்சுக்குச் சரிப்படாது. ரஜாய்க்கு (வட இந்தியப் பஞ்சுப் போர்வை) அடிக்கும் உதிரிப் பஞ்சும் அப்படித்தான், அதற்கு நெருக்கமான ஓட்டுத் தையலே வேண்டும். திரண்டதை நீவிச் சரிசெய்ய முடியாது. ஓரம் பிரித்து ஷீட்டை மாற்றுங்க.

கேள்வி கேட்டவர்:
சில இடத்தில் முடிச்சைச் சுற்றித் துணியும் கிழிஞ்சிருக்கே?

பதில் 1:
ஊசி தடிமனா? கோணி ஊசி இழைகளை அறுத்துவிடும். நூல் நுழையும் அளவுக்குக் காது பெரிதாக, முனை கூராக இருந்தால் போதும். ஊசி இறங்கும் இடத்துக்கும் ஏறும் இடத்துக்கும் 6 மி.மீ. விடுங்க, 2, 3 மி.மீ. என்றால் முழு இழுப்பும் நாலைந்து இழைமேல் விழும். துணி குழிந்து சுருங்கும்வரை இறுக்காதீங்க. கிழிந்த இடத்தில் அடியில் சின்ன ஒட்டுத்துணி தைத்து, அதன்மேல் முடிச்சு போடுங்க.

பதில் 2:
மூன்று அடுக்கையும் விரித்துக் குண்டூசி குத்தி, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் போங்க. நான்கு அங்குல இடைவெளி என்றால் மொத்தம் ஏறக்குறைய 300 முடிச்சு வரும். நூலை அறுக்காமல் வரிசையாகக் குத்திக்கொண்டே போய், பிறகு இரண்டு குத்துக்கு நடுவில் வெட்டி முடிச்சு போட்டால் 8 மீட்டர் கட்டு ஐந்தாறு போதும். கைக்குழந்தைக்கு என்றால் முடிச்சே வேண்டாம், நுனி விரலில் சுற்றிக்கொள்ளும், மெஷினில் தைத்துவிடுங்க.