மைக்ரோவேவ் ஓவனில் ப்யூஸ் திரும்பத் திரும்பப் போகிறது: நானே சரிசெய்யலாமா?

கேள்வி: கோபிவாய்க்கால்

அனைவருக்கும் வணக்கம். கோபிசெட்டிபாளையத்துக்கு அருகில் எங்கள் அம்மிச்சி வீட்டில் எட்டு ஆண்டுகளாக ஓடும் மைக்ரோவேவ் ஓவன் ஒன்று இருக்கிறது. சென்ற வாரம் பால் காய்ச்சிவிட்டுக் கதவைத் திறந்தபோது ‘டப்’ என்று ஓசை கேட்டு நின்றுபோனது. மேல்மூடியைக் கழற்றிப் பார்த்ததில் உள்ளே இருந்த 8 ஆம்பியர் பீங்கான் ப்யூஸ் போயிருந்தது. அதே அளவு கடைவீதியில் கிடைக்காததால் 15 ஆம்பியர் ப்யூஸ் வாங்கிப் போட்டேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. இன்று காலை கதவைத் திறந்தவுடன் அதுவும் போய்விட்டது.

நான் மின்வேலைக்குப் புதியவன் அல்லன். வீட்டு வயரிங், தோட்டத்து மோட்டார் ஸ்டார்ட்டர் எல்லாவற்றையும் நானேதான் பார்த்துக்கொள்கிறேன். கதவோரம் உள்ள மூன்று சிறிய ஸ்விட்சுகளில் ஒன்றை எடுத்துவிட்டால் ப்யூஸ் போகாது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். எந்த ஸ்விட்ச் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும். உள்ளே தகர டப்பா போல இருக்கும், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கண்டன்சரைத் திருப்புளியால் ஷார்ட் செய்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும் என்கிறார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் வேலை செய்யப்போகிறேன், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் வீட்டில் இருக்கிறது. அப்படியிருக்க அது அவசியமா?

பதில் 1: காந்திபுரம் பட்டறை

தம்பி, மற்றதைப் பிறகு பேசலாம். முதலில் அந்த மூடியை அப்படியே மாட்டி, திருகுகளை முடுக்கி, யார் கையும் படாத இடத்தில் ஓவனை வைத்துவிடுங்கள். கோயம்புத்தூரில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்தச் சாமான்களைப் பழுது பார்த்துவருகிறேன். இன்றைக்கும் மைக்ரோவேவின் மூடியைத் திறக்கும்போது பட்டறையில் வேறு யாரையும் என் பக்கத்தில் நிற்க விடுவதில்லை.

உங்கள் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். ஓவனுக்குள் இருக்கும் கனமான டிரான்ஸ்பார்மர் அதை ஏறத்தாழ 2000 வோல்ட்டாக உயர்த்துகிறது. கண்டன்சரும், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டையோடும் சேர்ந்து அதை மறுபடியும் உயர்த்தி, 4000 வோல்ட் அளவில், சூடாக்கும் அலைகளை உண்டாக்கும் மேக்னெட்ரானுக்குக் கொடுக்கின்றன. அந்த டிரான்ஸ்பார்மரின் உயர் மின்னழுத்தச் சுற்றின் ஒரு முனை ஓவனின் இரும்புக் கூட்டோடு இணைக்கப்பட்டிருக்கும். ஆகவே ஒரு கை கூட்டில் இருக்க, மறு கை மற்ற முனையில் பட்டால், மின்சாரம் கையிலிருந்து நெஞ்சு வழியாக அடுத்த கைக்குப் போய்விடும். மோட்டார் ஸ்டார்ட்டரில் ஷாக் வாங்கிக் கையை உதறிக்கொண்டு எழுந்தவர்கள் பலர் உண்டு. அந்த அனுபவத்தை நம்பி இதற்குள் கை வைக்கக் கூடாது.

ஆர்சிசிபி இங்கே காப்பாற்றாது. ஃபேஸில் போன மின்னோட்டத்துக்கும் நியூட்ரலில் திரும்பியதற்கும் 30 மில்லி ஆம்பியர் வேறுபாடு வந்தால் விழுவதுதான் அதன் வேலை. உயர் அழுத்தச் சுற்று தனிச் சுற்று என்பதால், உங்கள் உடம்பு வழியாகப் போகும் மின்சாரம் கூட்டின் வழியாக அதே சுற்றுக்கே திரும்பிவிடும். ஆர்சிசிபிக்கு எதுவும் தெரியாது, விழவும் விழாது. டெஸ்டரும் அப்படித்தான். அதன் கைப்பிடியில் 500 வோல்ட் வரை என்று எழுதியிருப்பதை எடுத்துப் பாருங்கள். சாதாரண மல்டிமீட்டரின் எல்லையும் 600 அல்லது 1000 வோல்ட்தான். அதன் வயரை 4000 வோல்ட்டில் வைத்தால் மீட்டர் கையிலேயே வெடிக்கக்கூடும்.

கோபிவாய்க்கால்

விரிவான பதிலுக்கு நன்றி அண்ணா. ஆனால் ஓவன் ஓடும்போது நான் தொடப்போவதில்லை. பிளக்கையே பிடுங்கிவிட்ட பிறகு உள்ளே மின்சாரம் எங்கிருந்து வரும்?

பதில் 2: சோமனூர்த் தறி

இந்தக் கேள்விக்கு என் கையில் பதில் இருப்பதால் நான் எழுதுகிறேன். நான் தறிக்குடோன்களுக்கும் நிட்டிங் மிஷின்களுக்கும் டிரைவ் பழுது பார்ப்பவன். டிரைவ் என்பது 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தை டிசியாக, அதாவது ஒரே திசையில் பாயும் மின்சாரமாக மாற்றி, பெரிய கண்டன்சர்களில் சேர்த்து வைத்துக்கொண்டு வேலை செய்யும் பெட்டி. அந்த டிசி 580 வோல்ட்டைத் தாண்டும்.

தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில், பல்லடம் பக்கம் ஒரு குடோனில் மெயினை இறக்கிவிட்டு டிரைவைத் திறந்தேன். மூடியின் உட்புறத்தில், நிறுத்திய பின் பத்து நிமிடம் காத்திருக்கவும் என்று மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. முகப்பில் இருந்த டிஸ்பிளே அணைந்துவிட்டது, தறிகள் நிற்கின்றன, முதலாளி பின்னால் நின்று எப்போது ஓடும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் காத்திருக்கவில்லை. ஒரு நட்டைக் கழற்றும்போது ஸ்பேனரின் மறுமுனை அடுத்த டெர்மினலில் பட்டது. வெள்ளை வெளிச்சம் ஒன்றுதான் நினைவிருக்கிறது. சிறிது நேரம் கண் தெரியவில்லை. வலது கையின் இரண்டு விரல்களில் தோல் வெந்துபோனது. மருத்துவமனையில் ஓர் இரவு முழுவதும் இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டே வைத்திருந்தார்கள். அந்த ஸ்பேனர் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் வாயோரத்தில் நெல்மணி அளவுக்கு இரும்பு உருகிப் பள்ளம் விழுந்திருக்கிறது. வேலைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு முதல் நாள் அதைத்தான் கையில் கொடுக்கிறேன்.

மெயின் இல்லாதபோதுதான் இது நடந்தது, தம்பி. மின்சாரம் வந்த வழியை அடைத்தாலும், ஏற்கெனவே உள்ளே தேங்கியது அங்கேயே இருக்கும். வாய்க்கால் மதகை மூடியவுடன் தோட்டத்துத் தொட்டி காலியாகிவிடுகிறதா?

பதில் 3: காந்திபுரம் பட்டறை

அவர் சொன்னதோடு ஓவனைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். ஓவன் கண்டன்சருக்குள் மின்சாரம் தானாக வடிவதற்கு ஒரு ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அது நன்றாக இருந்தால் ஒரு நிமிடத்துக்குள் பெரும்பாலும் வடிந்துவிடும். அது அறுந்துபோனால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது, மின்சாரம் மணிக்கணக்கில் நிற்கும். திருப்புளியால் ஷார்ட் செய்வதும் சரியான முறை அன்று. பொறி பறந்து உருகிய உலோகம் கண்ணில் தெறிக்கலாம், கண்டன்சரும் கெடலாம், பதற்றத்தில் திருப்புளி வழுக்கினால் கை நேராகப் போய் நிற்கும் இடம் அந்த டெர்மினல்தான். நாங்கள் காப்பிட்ட நீண்ட கோலின் நுனியில் தகுந்த ரெசிஸ்டர் பொருத்தி, மெல்ல வடித்துவிட்டு, அதற்குரிய கருவியால் அளந்தும் பார்த்த பிறகே தொடுகிறோம். அந்தக் கோலையும் கருவியையும் ஒரு ப்யூஸுக்காக வீட்டில் யாரும் வாங்கிவைக்கப் போவதில்லை. அதனால்தான் இதைத் தெரிந்தவரிடம் விடச் சொல்கிறேன். உங்கள் திறமையை நான் குறைத்துப் பேசவில்லை.

இனி ஸ்விட்சுக்கு வருகிறேன். ‘கதவைத் திறக்கும்போது போகிறது’ என்று நீங்கள் கவனித்துச் சொன்னதிலேயே பாதி விடை வந்துவிட்டது. டையோடோ கண்டன்சரோ ஷார்ட் ஆகியிருந்தால் ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியவுடன் உறுமிவிட்டுப் போகும். கதவைத் திறக்கையில் போவது பெரும்பாலும் கதவுக் கொக்கியும் ஸ்விட்சுகளும் சார்ந்த பழுது. மூன்றில் இரண்டு ஸ்விட்சுகள் கதவு திறந்ததும் மின்சாரத்தை அறுக்கின்றன. முதல் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டு அறுக்காமல் விட்டால், மூன்றாவது ஸ்விட்ச் வேண்டுமென்றே ஷார்ட் செய்து ப்யூஸை உடைக்கிறது. கதவு திறந்த நிலையில் ஓவன் ஓடவே கூடாது என்பதற்காக வைத்த காவல் அது. காணொளியில் எடுக்கச் சொன்னது அந்தக் காவலைத்தான். எடுத்துவிட்டால் ப்யூஸ் போகாது, உண்மைதான். ஆனால் மிச்சமிருக்கும் ஒரு ஸ்விட்சும் ஒட்டிக்கொள்ளும் நாளில், அம்மிச்சி கதவைத் திறந்து முகத்தைக் குனிந்து பார்க்கும்போது ஓவன் ஓடிக்கொண்டிருக்கும். கண்ணின் வில்லையில் இரத்த ஓட்டம் இல்லாததால், ஏறிய சூடு எளிதில் தணியாது. மைக்ரோவேவ் அலை பட்டால் கண்புரை வரக்கூடியது இப்படித்தான். 15 ஆம்பியர் ப்யூஸ் போட்டதும் தவறு. ஷார்ட் ஆகும்போது கூடுதல் மின்னோட்டம் பாய்ந்து, கெட்ட ஸ்விட்சின் உள்முனைகளை இன்னும் பலமாகப் பற்றவைத்திருக்கும்.

இடைக்கேள்வி: ஈரோடு மரவேலை

பழைய ஓவனின் டிரான்ஸ்பார்மரைக் கழற்றிப் பலகையில் மின்சாரம் பாய்ச்சி, மின்னல் போன்ற கோடுகளைக் கருக்கி வரைகிறார்களே, அதற்காக ஒன்று வைத்திருக்கிறேன். அதுவும் ஆபத்தா?

காந்திபுரம் பட்டறை

இந்த இழையில் எழுதியவற்றிலேயே மிகவும் ஆபத்தானது அதுதான் ஐயா. ஓவனிலாவது கூடும் கதவும் மறைக்கின்றன, இதில் உயர் அழுத்த முனைகள் இரண்டும் திறந்து கிடக்க, உப்புநீரோ சமையல் சோடா கரைத்த நீரோ தடவிய ஈரப் பலகையைக் கையில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். 2022-ஆம் ஆண்டு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓர் ஆணும் பெண்ணும் இதைச் செய்யும்போது இறந்துபோனார்கள். அமெரிக்க மரக்கடைசல்காரர்கள் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இந்த முறையைத் தடைசெய்திருக்கிறது. தயவுசெய்து அதைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.

கோபிவாய்க்கால்

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை ஒரு சர்வீஸ்காரரை வரவழைத்தேன். ஓவன் கடைசியாகக் காலை ஏழு மணிக்குப் பால் காய்ச்சியது, அப்போதே பிளக்கைப் பிடுங்கிவிட்டேன். அவர் மூடியைத் திறந்தபோது மாலை ஐந்து மணி. என்னை இரண்டடி தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, கோலைக் கண்டன்சரின் முனையில் வைத்தார். ‘சட்’டென்று குச்சி ஒடிவது போல ஓசை கேட்டது, நீலப்பொறி ஒன்று தெரிந்தது. பத்து மணி நேரம் கழித்து. உள்ளே வடியும் ரெசிஸ்டர் அறுந்திருக்கிறது என்றார்.

கதவின் கொக்கி ஒன்று உடைந்திருந்தது, முதல் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டிருந்தது. கொக்கி, மூன்று ஸ்விட்சுகள், கண்டன்சர், சரியான 8 ஆம்பியர் ப்யூஸ் என எல்லாவற்றையும் மாற்றி, கதவோரம் மைக்ரோவேவ் அலைக் கசிவு இருக்கிறதா என்று மீட்டரால் அளந்துவிட்டுத்தான் போனார். காலையில் அதே கண்டன்சரின் மேல் படிந்திருந்த தூசியை நான் விரலால் துடைக்கப் போனேன். அம்மிச்சி சாப்பிடக் கூப்பிட்டதால் எழுந்துபோய்விட்டேன்.