மூடுபனி போட்டாச்சு, பயம் மட்டும் வரல: சைலன்ட் ஹில் மாதிரி சூழல் எப்படி?

தெருவிளக்கு:
யூனிட்டி கேம் எஞ்சினில் (படம் வரையும் முறை யூஆர்பி) ஒரு சின்னத் திகில் கேம் செய்கிறேன். ஆளில்லாத ஊர், ஒரே தெரு, நீளம் 120 மீட்டர். ஃபாக் (பனி) மோட் எக்ஸ்போனென்ஷியல், டென்சிட்டி (அடர்த்தி) 0.05. 1999-ல் பிளேஸ்டேஷனுக்கு வந்த முதல் சைலன்ட் ஹில் திகில் கேம்தான் அளவுகோல். ஆனால் இங்கே பனி மாதிரியே இல்லை. நாலு தடவை துவைத்த சட்டை மாதிரி எல்லாம் வெளுத்துக் கிடக்கிறது. கட்டட உச்சிகள் வேறு வானத்தில் கத்தரித்து ஒட்டியது போல நிற்கின்றன. இதை எப்படிச் சரிசெய்வது? அந்த கேமில் பயத்தை உண்டாக்குவது எது என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஷேடர்சாமி:
உச்சி ஒட்டுப்போட்ட மாதிரி தெரியக் காரணம் ஸ்கைபாக்ஸ், அதாவது வானப் பின்னணி. யூனிட்டியோட ஃபாக் அதைத் தொடவே தொடாது. கேமராவில் பேக்ரவுண்டை சாலிட் கலருக்கு மாத்தி, ஃபாக் கலரோட அதே ஹெக்ஸ் எண்ணை (நிறக் குறியீட்டை) போடுங்க. லைட்டிங் விண்டோ, என்விரான்மென்ட் டேபில் ஆம்பியன்ட் சோர்ஸ் (பொது வெளிச்சம் எங்கிருந்து வருதுங்கிறது) இன்னும் ஸ்கைபாக்ஸில் இருந்தா அதையும் கலருக்கு மாத்தி நல்லா இருட்டா வையுங்க.

வெளுப்புக்குக் காரணம் நீங்க எடுத்த மோட். எக்ஸ்போனென்ஷியல் கேமரா முன்னாடியே வேலையைத் தொடங்கிடும். 0.05-ல், 5 மீட்டர்ல இருக்கிற கதவுலயே 22 சதவீதம் ஃபாக் நிறம் கலந்துடும். அப்புறம் கறுப்பு எங்கே மிஞ்சும்? அதே 0.05-ஐ எக்ஸ்போனென்ஷியல் ஸ்கொயர்டில் போட்டா 5 மீட்டர்ல 6 சதவீதம்தான். 20 மீட்டர்ல 63. 40 மீட்டர்ல 98. பக்கத்துல தெளிவு, தூரத்துல சுவர். கேமராவோட ஃபார் (எவ்வளவு தூரம் வரை வரையணும்ங்கிற எல்லை) 1000-ல் இருக்கும், 50 போதும்.

தெருவிளக்கு ஒளிவட்டத்துக்கு அடிட்டிவ் மெட்டீரியல் (பின்னாடி இருக்கிற நிறத்தோட தன் நிறத்தைக் கூட்டுறது) போட்டிருந்தா, தூரத்துல சாம்பல் சதுரமா தெரியும். ஃபாக் நிறமும் சேர்ந்து கூட்டப்படுறதுதான் காரணம். அந்த ஷேடரில் (நிறத்தைக் கணக்குப் போடுற நிரலில்) மட்டும் ஃபாக் கறுப்பை நோக்கிக் கலக்கணும்.

மௌனராகம்:
பிரித்துப் பார்க்கும் கேள்விக்கு வருகிறேன். சைலன்ட் ஹில்லின் அந்தப் பனி அழகுக்காக வந்ததில்லை. தொலைவில் உள்ளதை வரைய அந்த வன்பொருளுக்குச் சக்தி போதாததை மறைக்கும் திரை அது. 2012-ல் மறுவெளியீடாக வந்த எச்டி கலெக்‌ஷனில், இரண்டாம் பாகத்தின் பனி மெலிந்து, மறைந்திருக்க வேண்டியவை வெளியே தெரிந்தன. ரசிகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. ஆனால் பனி பாதிதான், மறுபாதி ஆடுபவரிடம் இருக்கும் ரேடியோ. அரக்கன் நெருங்கினால் கரகரக்கும். காதுக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரியாது. ரேடியோவை எடுத்துவிட்டால் அது வெறும் மார்கழிக் காலை. பனியை எடுத்துவிட்டால் ரேடியோ வெறும் அலாரம்.

உங்கள் எண்களிலேயே கணக்குப் போடலாம். ஸ்கொயர்டு 0.05-ல் 40 மீட்டரில் உருவம் தெரியாது, 25 மீட்டரில் நிழலாகத் தெரியத் தொடங்கும். ரேடியோ 40-ல் தொடங்கட்டும். அரக்கன் நொடிக்கு 2 மீட்டர் நடந்தால் நடுவில் ஏழரை நொடி. சூழல் வேலை செய்வது அந்த இடைவெளியில்தான். (ஏழரை என்பது தற்செயல், சனி பகவான் மன்னிக்கட்டும்.)

பலரும் தவறுவது இங்கே: ஆடியோ சோர்ஸை (ஒலி கிளம்பும் இடத்தை) அரக்கன் மேல் 3டி-யாக வைத்துவிடுகிறார்கள். இடமா வலமா என்று காது கண்டுபிடித்துவிட்டால் பயம் பாதி போச்சு. ரேடியோ இருப்பது ஆடுபவரின் சட்டைப்பையில். ஸ்பேஷியல் பிளெண்ட் 0 (திசை தெரியாத 2டி ஒலி), ஒலி அளவை மட்டும் தூரத்தை வைத்து ஸ்கிரிப்டில் மாற்றுங்கள்.

எந்த கேமைப் பிரித்துப் பார்க்கவும் இது உதவும்: பத்து நிமிட ஆட்டத்தைப் பதிவுசெய்து மூன்று முறை ஓட்டுங்கள். ஒருமுறை ஒலி இல்லாமல், ஒருமுறை படம் இல்லாமல் காதால் மட்டும், பிறகு இரண்டும் சேர்த்து. 30 நொடிக்கு ஒருமுறை எழுதுங்கள்: எவ்வளவு தூரம் தெரிகிறது, எங்கிருந்து வருகிறதென்று தெரியாத ஒலி எது, அடுத்து என்ன செய்யவேண்டும் என்று ஆடுபவருக்குத் தெரியுமா. அவர் காரணமில்லாமல் நின்ற இடங்களை வட்டமிடுங்கள். ‘இருட்டு, சோகம்’ என்று மட்டும் எழுதினால் அது வர்ணனை, அலசல் ஆகாது.

லூப்மணி:
பின்னணி ஒலியைப் பற்றி யாரும் பேசல. ஒரே லூப் போட்டா மூணாவது சுத்துல காது பிடிச்சிடும். 37 நொடியில் ஒண்ணு, 53 நொடியில் ஒண்ணு சேர்த்து ஓடவிடுங்க. இரண்டும் மறுபடி ஒண்ணா தொடங்க 1961 நொடி, அரைமணிக்கும் மேல. எம்பி3 வேண்டாம், தொடக்கத்துல துளி மௌனம் ஒட்டிக்கும், லூப் விக்கும். ஓக் (.ogg) அல்லது வேவ் (.wav) கோப்பு போடுங்க.

தெருவிளக்கு:
ஸ்கொயர்டும் சாலிட் கலரும் போட்டதும் வெளுப்பு போய்விட்டது, நன்றி. ஒன்று மட்டும்: டார்ச் அடித்தால் பனியில் ஒளிக்கற்றை விழவில்லையே?

ஷேடர்சாமி:
விழாது. அந்த ஃபாக் தூரத்தை வைத்து நிறம் கலக்குறது மட்டும்தான், வெளிச்சத்தை வாங்காது. டார்ச் முனையில் ஒரு கூம்பு மெஷ் (3டி வடிவம்), ஓரம் மங்கும் டிரான்ஸ்பரன்ட் மெட்டீரியல், ஆல்ஃபா (ஒளிபுகாத அளவு) 0.05-ல் தொடங்குங்க. கூம்பு சுவரில் முட்டுற இடத்துல கூர்மையா கோடு விழும். டெப்த் டெக்ஸ்சரை (ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தூரம்னு சொல்றது) ஆன் பண்ணி, முட்டுற இடத்துல மெல்ல மங்குற சாஃப்ட் ஃபேட் வையுங்க. ராத்திரிக் காட்சின்னா ஃபாக் கலரையும் இருட்டாக்க மறந்துடாதீங்க, இல்லன்னா தூரம் தானா ஒளிரும்.