தண்டவாளத்தை உயர்த்தாமல் நிலத்தைத் தாழ்த்தினேன்: வீட்டு ரயில் அனுபவங்கள்

செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே மீட்டர் கேஜில் (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலமுள்ள பாதையில்) ரயில் ஓடிய காலத்தில், கோடை விடுமுறைதோறும் கொல்லத்தில் இருந்த பெரியம்மா வீட்டுக்கு நாங்கள் அந்த வழியாகத்தான் சென்று வந்தோம். 1904இல் திறக்கப்பட்ட அந்தப் பாதை அகலப்பாதையாக மாற்றப்படுவதற்காக 2010இல் மூடப்பட்டபோது, கழுதுருட்டி அருகே உள்ள பதிமூன்று கண் பாலத்தையாவது, மேலே ஓடும் சிறிய மாதிரி ரயிலோடு, வீட்டில் ஒரு பலகையின் மீது கட்டிவிட வேண்டும் என்று தோன்றியது. பணி ஓய்வுக்குப் பிறகே அதற்கு வேளை வந்தது.

முதலில் அளவைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. மாதிரி ரயில்களில் பரவலாகப் புழங்கும் எச்ஓ ஸ்கேல் என்பது 1:87, அதாவது உண்மை ரயிலில் 87இல் ஒரு பங்கு; அதில் தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம் 16.5 மி.மீ. அது வெளிநாடுகளில் பரவலாக உள்ள 1435 மி.மீ. பாதைக்கு உரிய கணக்கு. நம் நாட்டு அகலப்பாதையோ 1676 மி.மீ.; அதற்கு 19 மி.மீ.க்கு மேல் வேண்டும். ஆகவே எச்ஓ தண்டவாளத்தில் நிற்கும் நம் இன்ஜின், கூர்ந்து பார்ப்பவருக்குக் கால் ஒடுங்கியதாகத் தெரியும். மீட்டர் கேஜுக்கு இந்தத் தொல்லை குறைவு. 1:120 அளவில் ஒரு மீட்டர் என்பது 8.3 மி.மீ.; எச்ஓவைவிடச் சிறியதான, கடையில் எளிதாகக் கிடைக்கும் ‘என்’ ஸ்கேல் தண்டவாளம் 9 மி.மீ. இந்த வேறுபாடு என் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. ‘என்’ ஸ்கேல் இன்ஜின் ஒன்றின் அடிச்சட்டத்தையும் மோட்டாரையும் வைத்துக்கொண்டு, மீட்டர் கேஜில் ஓடிய ஒய்டிஎம்-4 டீசல் இன்ஜினின் மேற்கூட்டை மட்டும் பிளாஸ்டிக் தாளில் வெட்டி ஒட்டினேன். முகப்பு மூன்று முறை கோணலாகிப் போனது.

உண்மையான சிக்கல் பாலத்தில் இருந்தது. என் பலகை ஆறடிக்கு மூன்றடி. அதில் 36 செ.மீ. ஆரம் கொண்ட வளைவுகளோடு ஒரு முட்டை வடிவப் பாதை போட்டால், முழுச் சுற்றும் ஏறத்தாழ நாலேகால் மீட்டர்தான் வருகிறது. பாலத்துக்காகத் தண்டவாளத்தை 6 செ.மீ. உயர்த்த நினைத்தேன். நூற்றுக்கு இரண்டு என்ற சரிவில் ஏறுவதற்கு மூன்று மீட்டர், இறங்குவதற்கு மூன்று மீட்டர். பாதைக்கே நீளம் போதவில்லை. நூற்றுக்கு மூன்று என்று கூட்டினால் கணக்கு சரியாகிறது, ஆனால் ஸ்டேஷனுக்குச் சமதளம் மிஞ்சவில்லை. பிடிவாதமாக நூற்றுக்கு ஐந்து வைத்துப் பார்த்தேன். நான்கு பெட்டிகளோடு வளைவில் ஏறிய இன்ஜின் பாதி வழியில் நின்று, சக்கரத்தை மட்டும் சுழற்றிக்கொண்டிருந்தது. கல்லாருக்கும் குன்னூருக்கும் இடையே, ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறும் நீலகிரி ரயிலுக்குத் தண்டவாளங்களின் நடுவில், இன்ஜினின் பற்சக்கரம் பிடித்து ஏறும் பல்சட்டம் எதற்காகப் பதித்தார்கள் என்பது அன்று எனக்கு நன்றாகப் புரிந்தது.

இரண்டு வாரம் அந்தப் பலகையைத் தொடவே இல்லை. பிறகுதான், தண்டவாளம் ஏன் ஏற வேண்டும், நிலம் இறங்கினால் போதாதா என்ற யோசனை வந்தது. பிளைவுட்டின் மேல் 5 செ.மீ. கனமுள்ள ஃபோம் தகடுகள் இரண்டை அடுக்கி, பாதை முழுவதையும் மேல் தளத்தில் சமமாகவே போட்டேன்; பாலம் வர வேண்டிய இடத்தில் மட்டும் காய்கறிக் கத்தியால் பள்ளத்தாக்கைக் குடைந்தேன். ரயில் ஓர் இழைகூட ஏறுவதில்லை, ஆனால் பாலத்தின் மீது உயரத்தில் போகிறது. பதிமூன்று கண்களுக்கு இடமில்லாததால் ஐந்தோடு நிறுத்திக்கொண்டேன். ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

* * *

மேலே பாலம் கட்டிய அனுபவத்தை எழுதிய ஐயாவின் சரிவுக் கணக்கைப் படித்தபோது, நான் மாதிரி ரயில் போட்ட முதல் நாள் நினைவுக்கு வந்தது. ரயில் ஒரு முனையில் வளைந்து அதே பாதையில் திரும்பி வர வேண்டும் என்ற ஆசையில், கோயம்புத்தூரில் என் வீட்டு மாடியறையில் பலூன் வடிவ வளையம் ஒன்றைப் போட்டேன். மின்சாரம் கொடுத்த உடனேயே கன்ட்ரோலரின் சிவப்பு விளக்கு எரிந்தது. பழுதான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரைத் தொலைபேசியில் கடிந்துகொண்டதற்காக இன்றும் வருந்துகிறேன். தவறு முழுவதும் என்னுடையது. இடத் தண்டவாளம் வளைந்து சுற்றி வந்து வலத் தண்டவாளத்தைத் தொடுகிறது. ஒன்றில் நேர்மின், மற்றதில் எதிர்மின், ஆகவே அது ஷார்ட் சர்க்யூட். வளையத்தின் இரு முனைகளிலும் இரண்டு தண்டவாளங்களையும் பிளாஸ்டிக் இணைப்பியால் பிரித்து, வளையத்துக்கென்று தனியாக ஒரு திசைமாற்று ஸ்விட்ச் வைத்த பின்பே ரயில் திரும்பி வந்தது. ரயில் முழுவதும் வளையத்துக்குள் அடங்கியிருக்கும்போது மெயின் பாதையின் மின் திசையை மாற்ற வேண்டும். வளையத்தைவிட ரயில் நீளமாக இருந்தால் அதுவும் நடக்காது.

* * *

நான் சென்னையில் கடற்கரைக்கு அருகில் வசிக்கிறேன். என் அனுபவம் மணலைப் பற்றியது. தண்டவாளத்துக்கு இடையே ஜல்லியாகப் போட, வீடு கட்டி மிஞ்சிய ஆற்று மணலை டீ வடிகட்டியில் சலித்துப் பரப்பினேன். ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர் கலந்து, பாத்திரம் தேய்க்கும் திரவத்தில் ஒரு துளி சேர்த்து, ஊசியில்லாத சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டால் மணல் சிதறாமல் பசையை உறிஞ்சிக்கொள்கிறது. மறுநாள் காய்ந்து பாறையாகிவிட்டது. பத்து நாளில் இன்ஜின் கரகரவென்று சத்தமிட்டது. திறந்து பார்த்தால், மோட்டாரின் காந்தத்தில் கறுப்புப் பொடி மீசைபோல் ஒட்டியிருந்தது. மணலில் இரும்புத் துகள் இருக்கும் என்று நான் எண்ணிப் பார்க்கவே இல்லை. மீதியிருந்த மணலைக் காகிதத்தில் கொட்டி, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைப் பாலித்தீன் பையில் சுற்றி அதன்மேல் நகர்த்தினேன். ஒரு டம்ளர் மணலில் அரைக் கரண்டி கறுப்புத் துகள் வந்தது. ஒட்டிக் காய்ந்ததை ஈரத்துணி போட்டு ஊறவைத்துச் சுரண்டி எடுக்க மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.