சோலைக்கும் குளத்துக்கும்: ஃபுல் ஃப்ரேம் பாடியா, 600 மிமீ லென்ஸா?

கரிச்சான்:

அனைவருக்கும் வணக்கம். நான் கோவையில் வசிக்கிறேன். என்னிடம் நிகான் டி7200 கேமராவும் 70-300 மிமீ லென்ஸும் உள்ளன. வால்பாறையில் இருவாச்சியையும் சோலைமந்தியையும், பனிக்காலத்தில் சிங்காநல்லூர், சூலூர் குளங்களுக்கு வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, உள்ளான் போன்றவற்றையும் படமெடுத்து வருகிறேன். குளத்துப் பறவைகள் படத்தில் மிகச் சிறியனவாக விழுகின்றன. சோலைக்குள் எடுத்த படங்களிலோ இரைச்சல் (புள்ளிப் புள்ளியான கறை) அதிகம். பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), லென்ஸ் இரண்டுக்கும் சேர்த்து இரண்டரை லட்சம் ரூபாய் வரை ஒதுக்க முடியும். ஃபுல் ஃப்ரேமுக்கு (பெரிய சென்சார் உள்ள கேமராவுக்கு) மாறினால் இரைச்சல் குறையும், எனவே முதலில் நிகானின் இசட்6 மூன்றாம் மாடலை வாங்கிப் பழைய லென்ஸை எஃப்டிஇசட் அடாப்டரில் (பழைய நிகான் லென்ஸை இசட் பாடியில் இணைக்கும் வளையம்) பொருத்திச் சமாளிக்கலாம், பெரிய லென்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். இசட்50 இரண்டாம் மாடலுடன் 180-600 லென்ஸை இப்போதே வாங்கிவிடலாம் என்பது என் எண்ணம். இதற்கிடையில் ஒருவர் தம்முடைய டி500 பாடியையும் 200-500 எஃப்/5.6 லென்ஸையும் (எஃப் எண் சிறிதானால் உள்ளே வரும் ஒளி அதிகம்) விற்க முன்வந்திருக்கிறார். எது பொருத்தமாக இருக்கும்?

தையல்சிட்டு:

உங்கள் நண்பர்கள் சொல்வது பாதிதான் சரி. விலங்கு படத்தை நிறைக்கும் அளவுக்கு அருகில் இருந்தாலோ, அதற்கேற்ற நீளமான லென்ஸ் கையில் இருந்தாலோதான் பெரிய சென்சாரின் பயன் தெரியும். குளத்தின் நடுவே மிதக்கும் நீலச்சிறகியை ஒரே லென்ஸால் ஒரே இடத்திலிருந்து இரண்டு பாடிகளிலும் எடுத்தால், சென்சாரின் மீது விழும் பறவையின் உருவம் இரண்டிலும் ஒரே அளவில்தான் இருக்கும். ஃபுல் ஃப்ரேமில் கூடுதலாகக் கிடைப்பது சுற்றியுள்ள தண்ணீர் மட்டுமே, அதையும் நீங்கள் வீட்டுக்கு வந்ததும் வெட்டி எறியப்போகிறீர்கள். இசட்6 மூன்றாம் மாடலின் 24.5 மெகாபிக்சலைக் கிராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) அளவுக்கு வெட்டினால் ஏறத்தாழ 10.5 மெகாபிக்சல்தான் எஞ்சும். இசட்50 இரண்டாம் மாடலிலோ அதே பரப்பில் 20.9 மெகாபிக்சல் இருக்கிறது. பறவையிலிருந்து வந்து சேரும் ஒளி இரண்டிலும் ஒன்றே என்பதால் இரைச்சலிலும் பெரிய வேறுபாடு இராது.

இன்னொன்றையும் கவனியுங்கள். டி7200-இல் இருப்பதும் 24 மெகாபிக்சல் கிராப் சென்சார்தான். குளத்துப் பறவைக்கு அதுவே போதும். 300 மிமீயிலிருந்து 600 மிமீக்குப் போனால் பறவையின் மீது விழும் பிக்சல்கள் நான்கு மடங்காகும். வேறு எந்தப் பாடியை வாங்கினாலும் இந்த அளவு மாற்றம் கிடைக்காது. 180-600 லென்ஸ் இசட் மவுண்டுக்கு (இசட் வரிசைப் பாடிகளின் லென்ஸ் பொருத்தும் வாய்க்கு) மட்டுமே வருகிறது, ஆகவே அதற்குப் புதிய பாடி கட்டாயம். அந்தச் செலவு வேண்டாமெனில், விற்பவர் சம்மதித்தால் 200-500 லென்ஸை மட்டும் வாங்கி டி7200-இலேயே பொருத்திக்கொள்ளுங்கள்.

நீர்க்காகம்:

குளத்தைப் பொறுத்தவரை மேலே சொன்னது முழுவதும் சரி. ஆனால் கேள்வியில் இரண்டு வேறு சிக்கல்கள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. நல்ல வெயிலில் எஃப்/6.3, ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு; கூட்டினால் இரைச்சலும் கூடும்) 400 என்று வைத்தால் 1/2500 நொடி ஷட்டர் வேகம் எளிதாகக் கிடைக்கும். சோலையின் அடர்ந்த நிழலிலோ, அதே எஃப்/6.3-இல் 1/500 நொடி வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 6400-ஐத் தாண்டி 12,800 வரைகூடப் போக நேரும். 200-500 லென்ஸின் எஃப்/5.6 இதைவிட மூன்றில் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இருமடங்கு) மட்டுமே மேல் என்பதால், 600 மிமீ வாங்கினாலும் 500 மிமீ வாங்கினாலும் சோலையில் உங்கள் குறை தீராது.

அதே நேரத்தில், வால்பாறைப் பக்கத்துப் புதுத்தோட்டத்துச் சோலைமந்திகள் சாலையோரத்துக்கே வருபவை. அவற்றுக்கு நீளம் தேவையில்லை, ஒளிதான் தேவை. பழைய ஏஎஃப்-எஸ் (உள்ளேயே ஃபோகஸ் மோட்டார் உள்ள) 70-200 எஃப்/2.8 ஒன்று கிடைத்தால், உங்கள் 70-300 லென்ஸின் 200 மிமீ பக்கத்தில் கிடைப்பதைவிட ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் ஒளி கூடும். அது டி7200-இலும் வேலை செய்யும், அடாப்டர் வழியாக இசட் பாடிகளிலும் வேலை செய்யும். ஃபுல் ஃப்ரேமுக்கு நியாயம் கிடைப்பதும் இங்கேதான், ஏனெனில் இங்கே படத்தை வெட்ட வேண்டிய அவசியமில்லை. ஆயினும் இரண்டரை லட்சத்துக்குள் நின்றுகொண்டு அந்த வழியைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

இசட்50 இரண்டாம் மாடலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பறவையைத் தானே கண்டறிந்து தொடரும் ஆட்டோஃபோகஸ் அதில் உண்டு, டி500-இல் அது கிடையாது. திறந்த வானில் பறக்கும் இருவாச்சிக்கு இந்த வசதி மிகவும் உதவும். ஆனால் இசட்50-இன் சென்சார் தகவலை மெதுவாகப் படிப்பதால் எலக்ட்ரானிக் ஷட்டரில் சிறகடிக்கும் பறவையின் இறக்கை வளைந்து பதிவாகும், எனவே பறக்கும் பறவைக்கு மெக்கானிக்கல் ஷட்டரையே பயன்படுத்துங்கள். பாடிக்குள் அதிர்வுத் தடுப்பும் இல்லை; லென்ஸில் இருக்கும் விஆரை (லென்ஸின் அதிர்வுத் தடுப்பை) மட்டுமே நம்ப வேண்டும். மழைக்கும் தூசிக்கும் ஈடுகொடுப்பதில் டி500 இன்றும் ஒரு படி மேலேதான்.

கரிச்சான்:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் 180-600 லென்ஸைக் குளத்துக்கும் இருவாச்சிக்கும் வைத்துக்கொண்டு, சோலைமந்திக்கு எஃப்/2.8 லென்ஸைப் பிறகு பழையதாகத் தேடலாம் என்று தோன்றுகிறது. 180-600 லென்ஸைக் கையில் பிடித்தே எடுக்க முடியுமா? பழைய லென்ஸ் வாங்கும்போது எவற்றைப் பார்க்க வேண்டும்?

ஆலா:

டிரைபாட் காலரைக் கழற்றினால் 180-600 லென்ஸின் எடை 1,955 கிராம். சிறிது நேரம் கையில் பிடிக்கலாம், அரை மணி நேரம் வாத்துக்காகக் காத்திருப்பது கடினம். ஜூம் செய்யும்போது லென்ஸ் வெளியே நீள்வதில்லை என்பதால் எடை முன்னால் சாய்வதில்லை. 200-500 அப்படியல்ல, அது நீளும், காலருடன் 2,300 கிராம் எடையும் உண்டு. குளக்கரையில் மோனோபாடும், வண்டியின் சன்னலில் மணலோ அரிசியோ நிரப்பிய பையும் போதும். முற்பகலில் வெயில் ஏறிய பிறகு தண்ணீருக்கு மேலே காற்று அலையத் தொடங்கிவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸும் மங்கலான படத்தையே தரும். அதை லென்ஸின் குறை என்று எண்ணிச் சேவை மையத்துக்கு எடுத்துச் செல்பவர்கள் பலர்.

பழைய லென்ஸில் முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சை. மலைப்பகுதியில் புழங்கிய லென்ஸ் என்றால் இருமடங்கு கவனம் தேவை. இருட்டறையில் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். தூசி இரண்டொன்று இருப்பதால் படம் கெடாது. பிறகு விஆரைப் போட்டுப் பார்த்து, முழுத் துளையில் (எஃப் எண்ணை மிகச் சிறியதாக வைத்து) தொலைவிலும் அருகிலும் சில படங்கள் எடுத்து, உங்கள் பாடியிலேயே ஃபோகஸ் சரியாக விழுகிறதா என்று சோதியுங்கள். டிஎஸ்எல்ஆரில் (உங்கள் டி7200 போன்ற, உள்ளே கண்ணாடி உள்ள கேமராவில்) ஃபோகஸ் சிறிதளவு முன்பின் விழுந்தால் ஏஎஃப் ஃபைன் டியூன் என்ற அமைப்பின் மூலம் திருத்திவிடலாம், டி7200-இல் அந்த வசதி இருக்கிறது.